செயலாளரின் ஆண்டறிக்கை: நம் கோச்சுகள் எங்கிருந்து வந்தவர்கள்?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வர முடியாமல் இதைக் குழுவில் படிக்கப்போகிறவர்களுக்கும் வணக்கம். கல்லூரி கிராஸ் கன்ட்ரி (மேடு பள்ளத்திலும் மண் பாதையிலும் ஓடும் நெடுந்தூர ஓட்டம்) அணியின் முன்னாள் வீரர்கள், ஆதரவாளர்கள் சங்கத்தின் ஆண்டறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். வழக்கமான விஷயங்களை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். இந்த வருடம் எனக்குச் சொல்ல வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது, அதற்கு இடம் வேண்டும்.

செயற்குழு மாதாமாதம் கூடியது. சில மாதங்களில் கோரம் சேராமல் தள்ளிவைத்தோம். சீசன் தொடக்கத்தில் புது மாணவர்களுக்கு வரவேற்பு நடந்தது. பந்தய நாட்களில் பாதைக்குக் கொடி நடவும் தண்ணீர் மேசைக்கும் ஆள் அனுப்பினோம். ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி வைத்த ஓட்டக் காலணி) வாங்க வசதியில்லாத மாணவர்களுக்கு வாங்கிக் கொடுத்தோம். ஆண்கள் அணி போன வருடத்தைவிட முன்னேறியது. பெண்கள் அணியில் இருவர் காயத்தால் ஓட முடியாததால் இடம் கொஞ்சம் இறங்கியது. இறுதியாண்டு மாணவர்களுக்கு வழியனுப்பு விழா நடத்தினோம்.

இனி ‘பின்னணிக் கோப்பு’, அதாவது கோச்சுகள் அதற்கு முன் என்னவாக இருந்தார்கள் என்று நான் தேடிச் சேர்த்த கோப்பு பற்றி.

சென்ற பொதுக்குழுவில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். கல்லூரி நிர்வாகம் புதிய தலைமைப் பயிற்சியாளரை நியமித்த சமயம் அது. கூட்டத்தில் எழுந்த முதல் கேள்வியே, “அவர் என்ன ஓடினார்? பத்து கிலோமீட்டர் எத்தனை நிமிஷம்?” என்பதுதான். பள்ளியில் இயற்பியல் வாத்தியாராக இருந்தவர், சொல்லிக்கொள்ளும்படி பதக்கம் கிடையாது என்று தெரிந்ததும் ஒரே முணுமுணுப்பு. சங்கத்தின் சார்பில் ஆட்சேபக் கடிதம் போட வேண்டும் என்றுகூட ஒருவர் சொன்னார், இரண்டு பேர் வழிமொழிந்தார்கள். நான்தான் எழுந்து, கடிதம் பிறகு போடலாம், முதலில் கல்லூரி அணிகளை நடத்திப் பெயர் வாங்கியவர்கள் அதற்கு முன் என்னவாக இருந்தார்கள் என்று பார்த்துவிட்டு வருகிறேன், அவகாசம் கொடுங்கள் என்று கேட்டேன். தலைவர் அனுமதித்தார். இந்த வேலை யாரும் கேட்காமல் நானாக இழுத்துப் போட்டுக்கொண்டது என்று பின்னால் பேச்சு வந்ததால், நடவடிக்கைக் குறிப்பில் அது பதிவாகியிருக்கிறது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

தேடியதில் கிடைத்ததைச் சொல்கிறேன். கல்லூரி கிராஸ் கன்ட்ரி என்றால் அமெரிக்காவில்தான் அதற்கு மிகப் பெரிய அமைப்பும் பழைய பதிவுகளும் இருக்கின்றன. அங்கே ஆண்களுக்கான தேசியக் கல்லூரிப் போட்டியை, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. 1938-ல் ஆரம்பித்தது, பெண்களுக்கு 1981-ல். அதனால் என் கோப்பில் பாதிக்கு மேல் அங்கிருந்து வந்தவைதான்.

முதலில் ஜோ விஜில். கொலராடோ மாநிலத்தில் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 2,300 மீட்டர் உயரத்தில் அலமோசா என்று ஒரு சின்ன ஊர், அங்கே ஆடம்ஸ் ஸ்டேட் என்று ஒரு சின்னக் கல்லூரி. அங்கே படித்தபோது விஜில் ஆடியது அமெரிக்கக் கால்பந்து. படித்து முடித்து அதே ஊர் உயர்நிலைப் பள்ளியில் வாத்தியாராக இருந்துகொண்டே பிள்ளைகளை ஓட வைத்தவர், அப்புறம்தான் கல்லூரி அணிக்கு வந்தார். உடற்பயிற்சி உடலியலில் டாக்டர் பட்டம் வாங்கினார். அவருடைய அணிகள் எடுத்த தேசியப் பட்டங்கள் 19. அதில் 1992-ல் நடந்ததை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். கிராஸ் கன்ட்ரியில் அணிக்கு ஏழு பேர் ஓடினாலும் முதல் ஐந்து பேருடைய இடங்களைத்தான் கூட்டுவார்கள், குறைந்த புள்ளி எடுத்த அணிக்கு வெற்றி. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று முதல் ஐந்து இடத்தையும் ஒரே அணி பிடித்தால் 15. அதற்குக் கீழே போக வழியே இல்லை. அந்த வருடம் இரண்டாம் பிரிவு தேசியப் போட்டியில் ஆடம்ஸ் ஸ்டேட் ஆண்கள் எடுத்தது அந்த 15-தான். இத்தனைக்கும் பின்னால் இருந்தவர் ஒரு பள்ளி வாத்தியார்.

அடுத்து ஜம்போ எலியட். வில்லனோவா பல்கலைக்கழக அணியை 1949-லிருந்து 1981-ல் இறக்கும் வரை நடத்தினார். அணி 1966, 67, 68 என்று வரிசையாக மூன்று வருடமும், பிறகு 1970-லும் தேசிய கிராஸ் கன்ட்ரிப் பட்டம் வென்றது. இந்த மனிதருக்கு முழுநேரத் தொழில் கட்டுமான இயந்திரங்கள் விற்பது! சொந்தக் கம்பெனி நடத்தி நன்றாகச் சம்பாதித்தார், பயிற்சி கொடுத்தது கடைசிவரை பகுதிநேரம்தான். மாணவராக இருந்தபோது அவர் ஓடியதும் நெடுந்தூரம் கிடையாது, கால் மைல் ஓட்டம்.

ஜான் மெக்டானல் அயர்லாந்தில் மேயோ கவுன்டியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஓட்டக்காரராக அமெரிக்கா போனார், நியூயார்க்கில் தொலைக்காட்சி கேமராமேனாக வேலை பார்த்தார், பள்ளிகளில் கொஞ்ச காலம் பயிற்சி கொடுத்தார். 1972-ல் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் கிராஸ் கன்ட்ரி கோச்சாகச் சேர்ந்து 2008 வரை இருந்தார். தேசியப் பட்டங்கள் மொத்தம் 40, அதில் கிராஸ் கன்ட்ரி மட்டும் 11. இவ்வளவுக்கும் நடுவே சொந்தமாக மாட்டுப் பண்ணையும் வைத்து நடத்தினார். நான் இதை மாதக் கூட்டத்தில் வாசித்தபோது ஒருவர் “அவருக்கு நேரம் எங்கே கிடைத்தது?” என்று கேட்டார். அன்று வந்த கேள்விகளிலேயே நல்ல கேள்வி அது.

ஓடிப் பெயர் வாங்கியவர்கள் கோச்சாக வந்து ஜெயித்த கதைகளும் உண்டு, மறைக்கவில்லை. ஓரிகன் பல்கலைக்கழகத்தின் பில் டெலிஞ்சர் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 5,000 மீட்டரில் வெண்கலம் வாங்கியவர். அவர் காலத்தில் ஓரிகன் நான்கு முறை தேசிய கிராஸ் கன்ட்ரிப் பட்டம் எடுத்தது. பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் எட் ஐஸ்டோன் 1984-ல் அதே பல்கலைக்கழகத்துக்காக ஓடி தேசியப் போட்டியில் தனிநபர் முதலிடம் பிடித்தவர், 1988-லும் 1992-லும் ஒலிம்பிக் மாரத்தான் ஓடியவர். வட கரோலினா ஸ்டேட் பெண்கள் அணியை நடத்தும் லாரி ஹெனஸ் அங்கேயே படித்து 1991-ல் கல்லூரிகளுக்கான 10,000 மீட்டரில் ஜெயித்தவர். அவருடைய அணி 2021, 2022, 2023 மூன்று வருடமும் பட்டத்தை விடவில்லை. ஆக, ஓட்டக்காரர் கோச்சாக வரக்கூடாது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. சில உறுப்பினர்கள் அப்படிப் புரிந்துகொண்டு என்னிடம் வருத்தப்பட்டதால் எழுத்தில் பதிவு செய்கிறேன்.

ஆனால் இவர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. டெலிஞ்சர் யாரிடம் ஓடினார் என்று பாருங்கள், பில் பவர்மனிடம். பவர்மன் ஓரிகனுக்கு வருவதற்கு முன் உயர்நிலைப் பள்ளியில் பாடம் நடத்திப் பயிற்சியும் கொடுத்தவர், இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் மலைப்படைப் பிரிவில் இருந்தவர். அவரிடம் ஓடி, அவருக்கே உதவியாளராக இருந்து, அப்புறம்தான் டெலிஞ்சர் அந்த இடத்துக்கு வந்தார். ஆடம்ஸ் ஸ்டேட்டில் விஜிலுக்குப் பிறகு வந்த டேமன் மார்ட்டின் விஜிலிடமே ஓடியவர். ஹெனஸ் ஓடி முடித்ததும் அதே கல்லூரியில் பல வருடம் உதவிப் பயிற்சியாளராக இருந்த பிறகுதான் அணி அவர் கைக்கு வந்தது. பதக்கம் இருந்தவர்கள்கூட அதைக் காட்டி நேராக நாற்காலியில் வந்து உட்காரவில்லை. யாரோ ஒருவர் பக்கத்தில் நின்று, கொட்டுகிற மழையில் நேரம் குறித்து, கொடி பிடுங்கி, பஸ்ஸில் வாந்தி எடுத்த பையனைப் பார்த்துக்கொண்டு பல வருடம் இருந்திருக்கிறார்கள்.

இதற்கு எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான உதாரணம் மார்க் வெட்மோர். பெரிய ஓட்டக்காரர் என்று பெயர் கிடையாது. நியூ ஜெர்சியில் சிறுவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர். 1990-களின் தொடக்கத்தில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் சம்பளம் இல்லாத தன்னார்வ உதவியாளராகப் போய் நின்றார். 1995-ல் அணி அவர் பொறுப்புக்கு வந்தது. ஆண்கள் அணிக்கு ஐந்து தேசியப் பட்டம், பெண்கள் அணிக்கு மூன்று, அதோடு இரு பிரிவிலும் தனிநபர் பட்டங்கள். முழுக் கதையையும் சொல்ல வேண்டும் என்பதால் இதையும் சொல்கிறேன்: வீரர்களின் உடல் கொழுப்பை அளந்து பார்க்கும் நடைமுறை பற்றி அந்தப் பல்கலைக்கழகத்தில் விசாரணை நடந்து 2023-ல் அறிக்கை வந்தது, 2024-ல் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அங்கே என்ன நடந்தது என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை கிடையாது. பட்டக் கணக்கைப் பார்த்ததும் கேள்வி கேட்பதை நிறுத்திவிடக்கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பக்கத்தைக் கோப்பிலிருந்து எடுக்கவில்லை. எடுத்துவிடச் சொல்லி எனக்கு இரண்டு செய்தி வந்தது. எடுக்க மாட்டேன்.

அமெரிக்காவுக்கு வெளியேயும் பார்த்தேன். ஜப்பானில் கல்லூரி ஓட்டம் என்றால் ஹகோனே எகிடென், 1920-லிருந்து நடக்கும் அஞ்சல் ஓட்டம். அணிக்குப் பத்துப் பேர், இரண்டு நாள், 200 கிலோமீட்டருக்கு மேல். கிராஸ் கன்ட்ரி இல்லைதான், ஆனால் கல்லூரி நெடுந்தூர அணியை எப்படிக் கட்டுவது என்ற கேள்வி ஒன்றேதான். அங்கே ஆவோயாமா காகுயின் பல்கலைக்கழகத்தின் ஹாரா சுசுமு ஒரு மின்சாரக் கம்பெனியின் ஓட்ட அணியில் சில வருடம் இருந்து, காயத்தால் நின்றுபோய், அதே கம்பெனியில் விற்பனை வேலைக்குப் போனவர். 2004-ல் கோச் ஆனார். ஐந்து வருடம் கழித்துத்தான் அணி ஹகோனேவுக்குத் தகுதியே பெற்றது. 2015-ல் முதல் வெற்றி, அதையும் சேர்த்துத் தொடர்ந்து நான்கு. முதல் நான்கைந்து வருடம் கையில் எதுவும் இல்லாமல் அந்தக் கல்லூரி அவரை வைத்திருந்தது என்பதை நம் உறுப்பினர்கள் கவனிக்க வேண்டும். நாம் முதல் மாதமே ஆட்சேபக் கடிதம் பேசினோம்.

கென்யாவில் இட்டேன் என்ற ஊரில் செயின்ட் பேட்ரிக் பள்ளிக்கு 1976-ல் புவியியல் சொல்லிக்கொடுக்கப் போன அயர்லாந்துத் துறவி கொல்ம் ஓ’கானல் கதை கல்லூரிக் கதை ஆகாது. ஆனாலும் விட மனம் வரவில்லை. தடகளப் பயிற்சி எதுவும் இல்லாமல் போனவரிடம்தான் பின்னால் டேவிட் ருடிஷா உருவானார், 800 மீட்டர் உலக சாதனைக்காரர்.

பெண் பயிற்சியாளர்கள் பற்றித் தனிக் கூட்டம் வைத்தேன். அமெரிக்காவில் 1972-ல் கல்வி நிறுவனங்களில் பால் பாகுபாட்டைத் தடுக்கும் டைட்டில் நைன் சட்டம் வந்தது. பெண்கள் அணிகள் பெருகின. ஆனால் அதற்கு முன்பு பெண்கள் அணிகளைப் பெரும்பாலும் பெண்களே நடத்தியிருக்கிறார்கள், சட்டத்துக்குப் பிறகு சம்பளமும் அந்தஸ்தும் சேர்ந்ததும் அந்த வேலைகளுக்கு ஆண்கள் வந்துவிட்டார்கள். இன்றும் பெண்கள் அணிகளின் தலைமைக் கோச்சுகளில் பெரும்பகுதி ஆண்கள்தான். இந்த நிலையில்தான் பிரிகாம் யங் பெண்கள் அணியின் தில்ஜீத் டெய்லர் கவனத்துக்கு வருகிறார். இந்தியாவிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர், கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பெரிய பெயர் இல்லாத ஸ்டானிஸ்லாஸ் வளாகத்தில் படித்து நடுத்தூரம் ஓடியவர், அங்கேயே பயிற்சியும் கொடுத்தவர். 2016-ல் பிரிகாம் யங்குக்கு வந்தார். 2020-க்கான தேசியப் போட்டி கொரோனாவால் தள்ளிப்போய் 2021 மார்ச்சில் நடந்தபோது அவருடைய அணி ஜெயித்தது. 2024-ல் அவருடைய பெண்கள் அணியும் ஐஸ்டோனின் ஆண்கள் அணியும் ஒரே நாளில் பட்டம் வென்றன. இந்தக் கூட்டத்துக்கு நம் பெண்கள் அணி மாணவிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். நம் சங்க உறுப்பினர்கள் முன்வரிசையைக்கூட நிரப்பவில்லை.

சரி, நம் கோச்சுகளுக்கு வருகிறேன். மூன்று பேரிடமும் தனித்தனியாக உட்கார்ந்து பேசி, அவர்கள் சம்மதித்ததை மட்டும் கோப்பில் சேர்த்திருக்கிறேன்.

தலைமைப் பயிற்சியாளர் இயற்பியல் ஆசிரியர் என்று மட்டும்தான் நமக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பள்ளியில் மைதானமே கிடையாது, மண் பாதையிலும் ஏரிக்கரையிலும் பிள்ளைகளை ஓடவிட்டுப் பழக்கியவர் என்பது யாருக்கும் தெரியாது. அவர் வைத்திருக்கும் நோட்டைப் பார்த்தேன். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பக்கம். ஓட்ட நேரம் ஓரத்தில் சின்னதாகத்தான் எழுதியிருக்கிறது. நடுவில் பெரிதாக இருப்பது ராத்திரி எவ்வளவு தூங்கினான், பரீட்சை எப்போது, காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு எத்தனை, ஏற்றத்தில் தோள் இறுகுகிறதா என்பதெல்லாம். ஒரு பையனின் பக்கத்தில், “மூன்றாவது கிலோமீட்டரில் பேச்சை நிறுத்துகிறான், ஆரம்பத்தில் வேகம் அதிகம்” என்று எழுதியிருந்தார். பந்தய நாளில் முடிவுக்கோட்டில் அவரைப் பார்க்க முடியாது. சேறு அதிகமாக இருக்கும் அந்தக் கடைசி வளைவில்தான் நிற்பார், கடிகாரத்தைப் பார்க்க மாட்டார், கால் வைக்கும் இடத்தையும் தோளையும் பார்ப்பார். அங்கே குலைந்தவன் கடைசி நீட்டில் நிமிர்வதில்லை என்பது அவர் கணக்கு.

பெண்கள் அணிக் கோச் 1,500 மீட்டர் ஓடியவர், நல்ல ஓட்டக்காரர். கெண்டைக்கால் எலும்பில் கீறல் விரிசல் ஒன்று ஆறுவதற்குள் இன்னொன்று வந்து, இருபத்து மூன்று வயதில் ஓட்டம் முடிந்துபோனது. அந்தக் காலத்தில் அவரிடம் யாரும் கேட்காததை இவர் இப்போது ஒவ்வொரு மாணவியிடமும் கேட்கிறார்: மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, சாப்பாட்டைக் குறைக்கிறாயா? ஓடுகிற அளவுக்கு உடம்புக்கு ஆற்றல் கிடைக்காவிட்டால் மாதவிடாய் நிற்கும், எலும்பு பலவீனமாகும். இந்தப் பற்றாக்குறைக்குச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் தனிப் பெயரே வைத்து எச்சரித்தது. கால் வலி என்று யாராவது வந்தால் தரையில் உட்கார வைத்து, எலும்பின் மேல் கட்டைவிரலை மெதுவாக வைத்துக்கொண்டே போவார். வலி நீளவாக்கில் பரவலாக இருந்தால் ஓட்டத்தைக் குறைக்கச் சொல்லுவார். ஒரே புள்ளியில் விரல் பட்டதும் முகம் சுளித்தால் அன்றோடு ஓட்டம் நின்றது, டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் மற்றது. இந்த சீசனில் இருவரை ஓடாமல் நிறுத்தியது அப்படித்தான். அணியின் இடம் இறங்கியதற்கு அவரைக் குறை சொல்லிக் குழுவில் எழுதியவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த இரண்டு பெண்களும் இப்போது நன்றாக நடக்கிறார்கள், அடுத்த சீசனில் ஓடுவார்கள்.

மூன்றாமவர், உதவிப் பயிற்சியாளர், நம் சங்க உறுப்பினர்தான், நம் அணியில் ஓடியவர். கல்லூரி நாட்களில் அணியில் எப்போதும் ஆறாவது ஆள். ஆறாவது, ஏழாவது ஆளின் புள்ளி கூட்டலில் சேராது. ஆனால் அவர்கள் எதிரணியின் நான்காவது, ஐந்தாவது ஆளுக்கு முன்னால் வந்துவிட்டால் அந்த அணியின் புள்ளி ஏறும், அப்படித்தான் நம் அணி இரண்டு முறை தப்பித்தது. ஷிப்ட் வேலை முடித்து நேராக மைதானத்துக்கு வருகிறார், கல்லூரி அவருக்குத் தருவது போக்குவரத்துச் செலவு மட்டும்தான். கடைசியில் ஓடிவரும் மாணவர்களின் பெயர் முழுதும் தெரிந்த ஒரே ஆள் அவர். வெட்மோர் சம்பளமில்லாமல் போய் நின்றதைப் படித்தபோது எனக்கு இவர் முகம்தான் ஞாபகம் வந்தது.

இவ்வளவையும் மாதக் கூட்டங்களில் வாசித்தேன். பெண் பயிற்சியாளர்கள் பற்றிய கூட்டத்தைத் தவிர மற்றவற்றுக்கு வந்தவர்கள் பத்துப் பேர்கூடத் தேறவில்லை, அதிலும் பாதிப் பேர் மாணவர்கள். ஆட்சேபக் கடிதத்தை முன்மொழிந்தவரும் வழிமொழிந்தவர்களும் ஒரு கூட்டத்துக்கும் வரவில்லை. வேலை, குடும்பம், தூரம் எல்லோருக்கும் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. பந்தய முடிவு வந்த அரை மணி நேரத்தில் குழுவில் நீளமாக எழுத முடிகிறவர்களால், வருடத்தில் ஒரு கூட்டத்துக்கு வர முடியும் என்றுதான் நினைக்கிறேன். “செயலாளர் கதை படித்துக்கொண்டிருக்கிறார், வேலை நடக்கவில்லை” என்று ஒரு பேச்சு இருக்கிறது. மேலே சொன்ன வழக்கமான வேலைகளில் எது நடக்கவில்லை என்று யாராவது எழுந்து சொன்னால் பதில் சொல்லத் தயாராக இருக்கிறேன்.

சந்தா விஷயம். உறுப்பினர் பட்டியலில் இருப்பவர்களில் பாதிப் பேர்தான் இந்த வருடச் சந்தா கட்டியிருக்கிறார்கள். பல வருடமாக நிலுவை வைத்திருப்பவர்களும் உண்டு. பெயர்களைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை. ஆனால் விதிப்படி சந்தா நிலுவையில் இருப்பவர்களுக்கு ஓட்டு கிடையாது, சென்ற பொதுக்குழுவில் ஆட்சேபக் கடிதத்துக்குக் கை தூக்கியவர்களில் சிலர் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறார்கள். பொருளாளர் ஒவ்வொருவருக்கும் போன் செய்து கேட்டு அலுத்துப்போனார். இனிமேல் நினைவூட்டல் எழுத்தில்தான் வரும்.

வரவு செலவைப் பொறுத்தவரை, சென்ற வருட இருப்பு, சந்தா, நன்கொடை சேர்த்து வரவு. ஸ்பைக்ஸ், வரவேற்பு, வழியனுப்பு, பந்தய நாள் செலவுகள் சேர்த்து செலவு. கையில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, போன வருடத்தைவிடக் குறைவு. பின்னணிக் கோப்புக்கு அச்சுச் செலவைத் தவிரச் சங்கப் பணத்திலிருந்து எதுவும் எடுக்கவில்லை. முழுக் கணக்கையும் பொருளாளர் வைப்பார். தணிக்கை முடிந்துவிட்டது, ஒரு ரசீது மட்டும் பாக்கி, அது வந்துகொண்டிருக்கிறது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: எப்போது கூப்பிட்டாலும் வந்த தலைவர் அவர்களுக்கு, பொருளாளருக்கு, இடம் கொடுத்த கல்லூரி நிர்வாகத்துக்கு, பந்தய நாளில் தண்ணீர் மேசையில் நின்ற உறுப்பினர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும், மைதானப் பணியாளர்களுக்கு, அச்சகத்துக்கு. தங்கள் கதையைச் சொல்ல நேரம் ஒதுக்கிய மூன்று கோச்சுகளுக்கும் மாணவ மாணவியருக்கும் தனியாக நன்றி.

அடுத்த வருடம் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். தலைமைப் பயிற்சியாளரின் ஒப்பந்தம் அடுத்த சீசன் முடிவில் புதுப்பிக்க வரும். கல்லூரி நிர்வாகம் சங்கத்தின் கருத்தைக் கேட்கும், எப்போதும் கேட்கிறது. அப்போது எழுந்து பேசுகிறவர்கள் அதற்குள் ஒரு நாளாவது அந்தச் சேற்று வளைவில் போய் அவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உதவிப் பயிற்சியாளருக்கு ஒரு சிறு மாதத் தொகை சங்கம் சார்பில் தரலாம் என்ற தீர்மானத்தைச் செயற்குழு உங்கள் முன் வைக்கிறது. இருக்கிற இருப்பை வைத்து அதைச் செய்ய முடியாது. நிலுவையில் பாதி வந்தாலே முடியும். இது நிறைவேறாவிட்டால் அவர் இன்னும் எத்தனை நாள் இரவு வேலை முடித்துத் தூங்காமல் வருவார் என்று எனக்குத் தெரியாது. அவர் ஒருபோதும் கேட்க மாட்டார், அதனால்தான் நான் கேட்கிறேன்.

செயலாளர் பொறுப்புக்கு மறுபடியும் நிற்கும்படி சிலர் சொல்கிறார்கள். வேறு யாராவது முன்வந்தால் சந்தோஷமாகக் கொடுத்துவிடுவேன், கோப்பைத் தொடர வேண்டும் என்று மட்டும் கேட்பேன். நம் அணியின் பழைய கோச்சுகள் பற்றிய பக்கங்கள் இன்னும் காலியாகத்தான் கிடக்கின்றன. முதல் கோச்சிடம் ஓடியவர்கள் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள், அவர்களுக்கு வயதாகிறது. அவரைப் பற்றி நினைவிருப்பதை, ஒரு பக்கமானாலும் சரி, எழுதிக் கொடுங்கள்; எழுத முடியாவிட்டால் சொல்லுங்கள், நான் வந்து எழுதிக்கொள்கிறேன். யாரும் முன்வராவிட்டால் செயலாளர் வேலையை நானே தொடர்கிறேன்.

கூட்டம் முடிந்ததும் பொருளாளர் கதவுக்குப் பக்கத்து மேசையில் ரசீதுப் புத்தகத்தோடு இருப்பார். நிலுவை எவ்வளவு என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், தவணையாகவும் கட்டலாம். கோப்பின் ஒரு பிரதியும் அந்த மேசையில் இருக்கிறது, எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்